கல்லூரியை ஆள்வது யார்? உயர்கல்வியில் தன்னாட்சியும் அதிகாரப் பரவலும் – ஓர் எளிய விளக்கம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவரும் நாட்களில் நாளிதழ்களைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் கல்லூரி விளம்பரங்கள்தான். பல கல்லூரிகளின் பெயருக்கு அருகில் 'தன்னாட்சி' என்ற சொல் பெருமையோடு அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்க்கும் பெற்றோரில் சிலர், அந்தக் கல்லூரி தானே பட்டம் வழங்கும் என்று நினைக்கிறார்கள். சிலர், அரசுக்கு அங்கே எந்தப் பிடியும் இல்லை என்று எண்ணுகிறார்கள். தன்னாட்சி என்றாலே தனியார், கட்டணம் அதிகம் என்று முடிவு கட்டிவிடுகிறவர்களும் உண்டு. இந்த மூன்றுமே தவறு. சென்னை மாநிலக் கல்லூரி முழுக்க முழுக்க அரசுக் கல்லூரி. அதுவும் தன்னாட்சிக் கல்லூரிதான்.

மேடைப் பேச்சிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் குழப்பம் இன்னும் கூடுகிறது. துணைவேந்தர் நியமனத்தில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் பிணக்கு எழுந்தால் அதிகாரப் பரவல் பற்றிப் பேசுகிறோம். ஒரு கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்க அனுமதி பெற்றால் அதையும் அதிகாரப் பரவல் என்கிறோம். ஊர்மக்கள் தங்கள் ஊரில் கல்லூரி வேண்டுமென்று கேட்டால் அதற்கும் அதே பெயர்தான். ஒன்றுக்கொன்று வேறான இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதற்காக எழுதப்பட்டதே இக்கட்டுரை.

கட்டாயக் கல்வி எங்கே முடிகிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 86-ஆவது திருத்தத்தின்படியும், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின்படியும், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி அளிப்பது அரசின் கடமை. அதாவது, சட்டத்தின் கணக்கில் கட்டாயம் 8-ஆம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் மேல்நிலைக் கல்வி, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கலை அறிவியல் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பல்கலைக்கழகம் ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கட்டாயக் கல்விக்குப் பிந்தைய கல்வி என்று சொல்லலாம்.

இந்த எல்லைக்கோட்டைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கத்தில் ஊருக்குச் சட்டப்படி ஓர் இடம் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை வற்புறுத்துகிறது. அதன் உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கும் அதில் இடம் உண்டு. தமிழ்நாட்டில் அரசு மேல்நிலைப் பள்ளிகளிலும் இத்தகைய குழுக்கள் இயங்குகின்றன. மகள் பள்ளியை முடித்து அதே ஊரிலிருக்கும் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவுடன், நேற்றுவரை பள்ளிக் கழிவறையின் நிலை குறித்துக் குழுவில் கேள்வி கேட்ட தாய்க்கு, கல்லூரியில் கேள்வி கேட்பதற்கு அதே வலுவுள்ள சட்டப்படியான இருக்கை எதுவும் இல்லை. இது எப்படி நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அதிகாரம் என்பது எதனால் ஆனது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மாடியில் ஒரு தனிக்குடித்தனம்

ஒரு கூட்டுக்குடும்பத்தில் மூத்த மகனுக்குத் திருமணம் முடிந்து, அதே வீட்டின் மாடியில் தனிக்குடித்தனம் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இனி மாடியில் என்ன சமையல் என்பது மகனும் மருமகளும் முடிவு செய்வது. மாமியார் எப்போதாவது வந்து ருசி பார்ப்பார், ஆனால் தடுக்க மாட்டார். அதே சமயம் மளிகைக்கான பணம் அப்பாவின் கையிலிருந்தே வருகிறது. வேலைக்கு ஆள் வைப்பதும் நிறுத்துவதும் அப்பாதான். மாடிக்கு யாரைக் குடிவைக்கலாம் என்பதும் அவர் சொல்வதுதான். ஊரில் வைக்கும் கல்யாணப் பத்திரிகையிலும் அப்பாவின் பெயரே முதலில் வரும்.

மகன் தனியாகிவிட்டானா? சமையலைப் பொறுத்தவரை ஆம், மற்றவற்றில் இல்லை. ஆகவே 'தனியாகிவிட்டானா' என்ற ஒற்றைக் கேள்விக்குப் பொருளே இல்லை; எதில் தனியானான் என்றுதான் கேட்க முடியும். தெருவிலிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டினால் எந்த உரிமையும் வந்துவிடவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அது பின்னால் தேவைப்படும்.

கல்லூரிக்கும் இதே கேள்வியைத்தான் போட வேண்டும். பாடத்திட்டத்தையும் தேர்வையும் சான்றையும் முடிவு செய்வது யார்? மாணவர் சேர்க்கையின் விதிகளை வகுப்பது யார்? ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் யார்? பணம் யாருடையது, அதைச் செலவிட யாருடைய கையெழுத்து வேண்டும்? இந்த நான்கும் தனித்தனி அதிகாரங்கள். ஒன்று இறங்கி வரும்போது மற்றவை மேலேயே தங்கிவிடக்கூடும். இவற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டியது பொறுப்புடைமை பற்றிய கேள்வி. முடிவெடுத்தவர் அந்த முடிவுக்காக யாரிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார் என்பதையே பொறுப்புடைமை என்கிறோம்.

ஒரு தாளின் பயணம்

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி பெரிய தொழில். அங்குள்ள ஒரு கல்லூரியில் பி.காம். கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், ஏற்றுமதி நிறுவனங்களில் உண்மையில் பயன்படும் ஆவணங்களையும் கணக்கு முறையையும் கற்பிக்கும் ஒரு தாளைச் சேர்க்க விரும்புகிறார் என்று கொள்வோம். அவருடைய மாணவர்களில் பலர் படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போவது அந்த நிறுவனங்களுக்குத்தான்.

அது இணைவுக் கல்லூரி எனில், அதாவது ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்து அதன் பாடத்தையே நடத்தி அதன் தேர்வையே எழுதவைக்கும் கல்லூரி எனில், ஆசிரியையால் தாமாக எதுவும் செய்ய இயலாது. கரூர் மாவட்டக் கல்லூரிகளுக்குத் தாய்ப் பல்கலைக்கழகம் திருச்சியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகம். அங்கே வணிகவியலுக்கென ஒரு பாடத்திட்டக் குழு இருக்கும். ஒரு துறையின் தாள்களையும் அலகுகளையும் வகுக்கும் ஆசிரியர், வல்லுநர் குழுவுக்கே அந்தப் பெயர். அக்குழுவில் இந்த ஆசிரியையின் கல்லூரியிலிருந்து ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குழு ஏற்றுக்கொண்டாலும் அந்தத் தாள் கரூருக்கு மட்டுமாக வராது, அப்பல்கலைக்கழகத்தின் எல்லா இணைவுக் கல்லூரிகளுக்கும் பொதுவாகவே வரும். காவிரிப் படுகையில் இருக்கும் கல்லூரிக்கு அத்தாள் எதற்கு என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வியும் நியாயமானதே. அதனால் இத்தகைய யோசனைகள் பெரும்பாலும் ஆசிரியர் அறையைத் தாண்டுவதில்லை.

அது தன்னாட்சிக் கல்லூரி எனில் கதை வேறு. தன்னாட்சிக் கல்லூரி என்பது, ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தே இருந்துகொண்டு, பாடத்திட்டத்தை வகுக்கவும் தேர்வு நடத்தவும் மதிப்பெண் வழங்கவும் பல்கலைக்கழக மானியக் குழுவிடமிருந்து உரிமை பெற்ற கல்லூரி. அங்கே துறைக்கென்று சொந்தப் பாடத்திட்டக் குழு இருக்கும். துறைத் தலைவர் அதற்குத் தலைமை வகிப்பார்; துணைவேந்தர் நியமிக்கும் வெளி வல்லுநர் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் அதில் இருப்பார்கள். ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவரே அந்த மேசையில் அமர்ந்து, இன்ன ஆவணம் இப்போது வழக்கில் இல்லை, இதைச் சேருங்கள் என்று சொல்லலாம். அக்குழு ஒப்புக்கொண்டதும் தாள் கல்விசார் குழுவுக்குப் போகும். கல்லூரியின் பாடம், தேர்வு தொடர்பான எல்லாவற்றுக்கும் இறுதி ஒப்புதல் தரும் அமைப்பு அது. முதல்வர் தலைமையில் கூடும் அக்குழுவில் பல்கலைக்கழகத்தின் சார்பாக மூவர் இருப்பார்கள். அங்கே நிறைவேறிவிட்டால் அடுத்த கல்வியாண்டிலேயே தாள் வகுப்பறைக்கு வந்துவிடும்.

கோத்தாரி குழு 1964–66-இல் பரிந்துரைத்தது இத்தகைய ஏற்பாட்டைத்தான். நாட்டிலேயே முதன்முதலாக 1978-இல் அதை ஏற்ற கல்லூரிகள் தமிழ்நாட்டில் இருந்தன. சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் லயோலா கல்லூரியும் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் அவற்றுள் அடங்கும். நம் மாநிலத்துக்கு இதில் ஒரு முன்னோடி இடம் உண்டு என்பதை நாம் போதிய அளவு நினைவில் வைத்திருப்பதில்லை.

ஆனாலும் பட்டச் சான்றிதழை வழங்குவது தாய்ப் பல்கலைக்கழகமே, அதில் கல்லூரியின் பெயரும் சேர்ந்திருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவின்படி பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், ஒன்றிய அரசிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதி பெற்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றச் சட்டத்தால் அந்த உரிமை பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தையும் தன்னாட்சிக் கல்லூரியையும் ஒன்றென்று எண்ணுவதே பெற்றோரிடையே அதிகம் காணப்படும் பிழை. அடுத்த பிழை, தன்னாட்சியையும் சுயநிதியையும் குழப்பிக்கொள்வது. சுயநிதிப் பிரிவு என்பது அரசு ஊதிய மானியம் இல்லாமல் கட்டணத்தைக் கொண்டே நடத்தப்படும் பிரிவு. அது பணத்தைப் பற்றியது, தன்னாட்சி பாடத்தைப் பற்றியது.

மற்ற மூன்று அதிகாரங்கள் என்ன ஆயின? இட ஒதுக்கீட்டு விகிதம் மாநிலச் சட்டத்தின்படியே நடக்கும். 69 விழுக்காட்டில் கல்லூரி கை வைக்க முடியாது. அரசுக் கல்லூரியானால் உதவிப் பேராசிரியர்களை ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கும், இடமாறுதலைக் கல்லூரிக் கல்வி இயக்ககம் கலந்தாய்வு வைத்து முடிவு செய்யும். உதவி பெறும் கல்லூரியானால் 1976-ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும், ஊதியம் அரசு மானியத்திலிருந்து வரும். பணியிடத்துக்கு ஒப்புதல் கிடைக்காத இடங்களைக் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. புதிய தாளை வகுக்க உரிமை இருக்கிறது, அதை நடத்த ஆள் கேட்டுச் சென்னைக்குக் கோப்பு அனுப்ப வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தன்னாட்சி என்பது நான்கு அதிகாரங்களில் பாடம், தேர்வு என்ற ஒன்றை மட்டும் கல்லூரிக்குத் தருகிறது. சேர்க்கை விதியும் பட்டமும் அதன் கையில் இல்லை. அரசுக் கல்லூரிகளிலும் உதவி பெறும் பிரிவுகளிலும் பணியிடமும் பணமும் அப்படியே.

கொடுத்த அதிகாரம் திரும்பி வரும் வழிகள்

ஓர் அதிகாரத்தைக் கீழே இறக்கிய பிறகும் அது மேலே போய்விடக்கூடும். அதற்குச் சட்டத்தை மாற்ற வேண்டியதுகூட இல்லை. 2023-இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் கலை அறிவியல் படிப்புகளுக்கான மாதிரிப் பாடத்திட்டத்தை உருவாக்கி, கல்லூரிகள் அதை ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டபோது, தன்னாட்சிக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அது கட்டாயமில்லை என்று ஆளுநர் துணைவேந்தர்களுக்குக் கடிதம் எழுதினார். விவாதம் உடனே ஆளுநரா அரசா என்ற பழைய தடத்துக்கு மாறிவிட்டது.

ஆனால் பொதுப் பாடத்திட்டத்துக்கு அரசு சொன்ன காரணங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு மாணவர் இடையில் வேறு கல்லூரிக்கு மாறினால் பாடங்கள் ஒத்துப்போக வேண்டும். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அறிவிப்பில் உள்ள படிப்பும் தம்முடைய படிப்பும் ஒன்றே என்பதற்கு இணைத்தன்மை அரசாணை தேவைப்படுகிறது. புதுமையான பெயரில் ஒரு பட்டப் படிப்பைத் தொடங்கும் கல்லூரி, அந்த அரசாணை இல்லாத காரணத்தால் தன் மாணவர் டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்படும் நாளையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். இதை அஞ்சியே பல கல்லூரிகள் உரிமை இருந்தும் பழைய பெயரையும் பழைய தாள்களையும் விடுவதில்லை. வேலைவாய்ப்பின் விதிகள் ஒரே இடத்தில் எழுதப்படும்வரை, பாடத்திட்டத்தின் விதிகள் பல இடங்களில் எழுதப்படுவதற்கு ஓர் எல்லை இருக்கும். என் கருத்தில், இந்த விவகாரத்தில் தீர்த்திருக்க வேண்டியது இணைத்தன்மை வழங்கும் நடைமுறையை. பாடத்தை ஒன்றாக்குவது, பூட்டு திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றும் வேலை.

கிளை திறப்பதும் அதிகாரம் தருவதும்

மேலே இருப்பவர் தம் வேலையைக் கீழே அனுப்பும் முறைகளை மூன்றாகப் பிரிக்கலாம். தலைமையகம் தன் சொந்த அதிகாரிகளையே ஊர்களில் உட்காரவைப்பது பணிப்பகிர்வு. திருச்சியிலும் மதுரையிலும் இருக்கும் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகங்கள் இவ்வகை. கோப்பு பயணம் செய்யும் தூரம் குறைகிறது, முடிவெடுப்பவர் மாறுவதில்லை. குறிப்பிட்ட வேலையை வேறோர் அமைப்பு தன் விருப்பப்படி செய்ய விட்டு, திரும்பப் பெறும் உரிமையைத் தானே வைத்துக்கொள்வது ஒப்படைப்பு. தன்னாட்சித் தகுதி இவ்வகை: 2023-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி அது முதலில் 10 ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது, பின்னர் நீட்டிக்கப்பட வேண்டும். மூன்றாவது, அதிகாரத்தையும் அதற்கான வருவாயையும், மக்களுக்குப் பதில் சொல்லும் வேறோர் அமைப்பிடம் சட்டப்படி கொடுத்துவிடுவது. அதிகாரப் பரவல் என்ற சொல்லை இந்த மூன்றாவதற்கு மட்டுமே ஒதுக்கிவைத்தால் நம் விவாதங்களில் பாதிக் குழப்பம் தீரும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. மாநிலம் முழுவதுமுள்ள பொறியியல் கல்லூரிகள் ஒரே பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டதால் சுமை தாங்கவில்லை என்று சொல்லி, 2007-ஐ ஒட்டிக் கோவை, திருச்சி, திருநெல்வேலி ஆகிய நகரங்களிலும் பின்னர் மதுரையிலும் தனி அண்ணா பல்கலைக்கழகங்கள் அமைக்கப்பட்டன. 2011-இல் ஆட்சி மாறியதும் சட்டத் திருத்தத்தின் வழியாக அவை மீண்டும் ஒன்றாக்கப்பட்டன. பிரித்தபோதும் சேர்த்தபோதும் முடிவு சென்னையில்தான் எடுக்கப்பட்டது. கோவைக்கோ நெல்லைக்கோ அதில் தனிக் குரலும் இல்லை, இழப்பதற்குச் சொந்த வருவாயும் இல்லை. உள்ளூரில் வேர் விடாத அமைப்பை ஒரே சட்டத்தில் பிரிக்கவும் முடியும், சேர்க்கவும் முடியும்.

மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான பிணக்கு இன்னொரு தளம். 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது அதற்கு முன்பிருந்தே ஒன்றியப் பட்டியலின் 66-ஆவது பதிவில் இருக்கிறது. துணைவேந்தர் நியமனம் உள்ளிட்ட மசோதாக்களில் ஆளுநரின் தாமதத்தை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில், 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பளித்தது. சட்டப் போராட்டம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. மாநில உரிமை முக்கியமானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது தில்லியிலிருந்து சென்னை வரைதான் வருகிறது. சென்னையிலிருந்து கரூருக்குப் போகும் பாதை தனியாகப் போடப்பட வேண்டியது.

ஊருக்கு எழுதிவைத்த பங்கு

வியப்புக்குரிய செய்தி என்னவென்றால், அரசமைப்புச் சட்டம் ஊருக்கு இதில் ஒரு பங்கை ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது. 73-ஆவது திருத்தத்தின் மூலம் 1993-இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது அட்டவணையில், ஊராட்சிகளுக்கு வழங்கத்தக்க 29 பொருள்களில் 18-ஆவது தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும், 19-ஆவது முதியோர் கல்வியும் முறைசாராக் கல்வியும் ஆகும். ஆயினும் 243ஜி உறுப்பு, மாநிலம் விரும்பினால் சட்டம் இயற்றி இவற்றை ஊராட்சிகளுக்கு 'வழங்கலாம்' என்கிறதே தவிர, வழங்க வேண்டும் என்று கட்டளையிடவில்லை. அட்டவணையில் இருப்பது இவ்வளவு, ஐ.டி.ஐ.களை இன்றும் நடத்துவது மாநிலத் துறைதான்.

ஐ.டி.ஐ.களில் 'உள்ளூர் மேலாண்மை' என்ற பெயரில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. 2007–08-இல் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் 1,396 அரசு ஐ.டி.ஐ.கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் நிறுவன மேலாண்மைக் குழு சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. ஒரு தொழில் நிறுவனத்தின் பிரதிநிதி அதற்குத் தலைவர், முதல்வர் செயலர். குழுவுக்கு 2.5 கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் நேரடியாகத் தரப்பட்டது. மொத்த இடங்களில் 20 விழுக்காடு வரை சேர்க்கையை முடிவு செய்யவும் குழுவுக்கு உரிமை கிடைத்தது. இங்கே தன்னாட்சிக் கல்லூரிக்கு நேர் எதிரான காட்சி: பணமும் சேர்க்கையில் ஒரு பங்கும் கீழே வந்தன, பாடத்திட்டமும் அகில இந்தியத் தொழிற்தேர்வும் மேலேயே நின்றன. பொறுப்புடைமையைப் பார்த்தாலும் இடைவெளி தெரியும். உள்ளூர் என்பது உள்ளூர்த் தொழில் நிறுவனத்தைக் குறித்தது. ஃபிட்டர் பயிற்சிக்கு மகனை அனுப்பும் குடும்பங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த எவரையும் அது குறிக்கவில்லை.

சுருக்கமாக: தன்னாட்சி நிறுவனத்துக்குக் கிடைக்கலாம், தொழில்துறைக்குக் கிடைக்கலாம், மாநிலத்துக்குக் கிடைக்கலாம். இவை எதுவும் ஊருக்குக் கிடைத்ததாக ஆகாது. மாடிக் குடித்தனத்தால் பக்கத்து வீட்டாருக்கு உரிமை வராதது போலவே.

ஊரே வாக்களித்து நடத்தும் கல்லூரி

ஊருக்குப் பங்கு இருந்தால் எப்படியிருக்கும் என்று அறிய அமெரிக்காவின் கலிபோர்னியாவைப் பார்க்கலாம். பள்ளிக்குப் பிந்தைய இரண்டாண்டுக் கல்வியைத் தரும் சமுதாயக் கல்லூரிகள் அங்கே 116 இருக்கின்றன. அவை 73 மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இந்த மாவட்டம் நம் வருவாய் மாவட்டம் போன்றதன்று, கல்லூரி நிர்வாகத்துக்காகவே வரையப்பட்ட எல்லை. ஏறக்குறைய எல்லா மாவட்டங்களுக்கும் அங்கு வாழும் வாக்காளர்கள் தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழு உண்டு. கல்லூரித் தலைவரை நியமிப்பதும், ஆசிரியர் சங்கத்தோடு ஊதிய ஒப்பந்தம் செய்வதும், வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும் அக்குழுவின் வேலை. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுவில் ஒட்ட வேண்டும் என்றும், கூட்டத்துக்கு வந்த எவரும் பேசலாம் என்றும் 1953-ஆம் ஆண்டின் திறந்த கூட்டச் சட்டம் சொல்கிறது. மாலை நேர வகுப்பை நிறுத்தப்போகிறார்கள் என்று நிரலில் படித்த ஒரு தொழிலாளி, நேரே போய் ஒலிபெருக்கியின் முன் நின்று கேட்க முடியும்.

இதன் தொடக்கமும் ஊரில்தான். உயர்நிலைப் பள்ளிகளே பள்ளிக்கு மேற்பட்ட வகுப்புகளையும் நடத்தலாம் என்று 1907-இல் மாநிலச் சட்டம் அனுமதித்தது, 1910-இல் ஃப்ரெஸ்னோ நகரம் முதலில் தொடங்கியது. பணம் உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வந்தது. வரி கட்டியவரும் அவர் பிள்ளை படித்த கல்லூரியும் ஒரே ஊரில் இருந்ததால் கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் இடையில் தூரம் இல்லை.

1978-இல் நிலைமை மாறியது. சொத்து வரி, மதிப்பீட்டில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 13-ஆம் முன்மொழிவை வாக்காளர்களே நிறைவேற்றினார்கள். அந்த முன்மொழிவில் கல்லூரி நிர்வாகத்தை மாற்றும் ஏற்பாடு எதுவும் இல்லை. ஆனாலும் உள்ளூர் வருவாய் வற்றியதால் மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவிலிருந்து பணம் வர வேண்டியதாயிற்று, பணத்தோடு நிபந்தனைகளும் வந்தன. அதுவரை கட்டணமே இல்லாதிருந்த கல்லூரிகளில் 1984-இல் மாநிலம் கட்டணத்தைப் புகுத்தியது. இன்று ஓர் அலகுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் குறிக்கும் ஒரு கிரெடிட்டுக்கு, 46 டாலர் என்ற கட்டணத்தை மாநிலச் சட்டமன்றமே நிர்ணயிக்கிறது. எந்த மாவட்டக் குழுவாலும் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. புதிய மாணவரை எந்த நிலை கணித, ஆங்கில வகுப்பில் சேர்ப்பது என்பதைக்கூட 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நெறிப்படுத்திவிட்டது. குழுக்கள் இருக்கின்றன, தேர்தல் நடக்கிறது, கட்டடங்களுக்குக் கடன் பத்திரம் வெளியிட வாக்காளர்களின் ஒப்புதலைக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. ஆனால் வரியை இழந்த இடத்தில் அதிகாரமும் பெருமளவு இழக்கப்பட்டது.

இங்கிலாந்தில் நடந்தது வேறு விதம். தொழிற்கல்வியும் பள்ளிக்குப் பிந்தைய கல்வியும் தரும் கல்லூரிகள் 1993 ஏப்ரல் 1 வரை உள்ளாட்சி மன்றங்களின் கீழ் இருந்தன. அன்று அவை தனித்தனி நிறுவனங்களாக விடுவிக்கப்பட்டு, நிலமும் கட்டடமும் ஊழியர்களும் அவற்றின் பெயருக்கே மாற்றப்பட்டார்கள். இது சுதந்திரம் என்றே அறிவிக்கப்பட்டது. கல்லூரியைப் பொறுத்தவரை உண்மையும்கூட. ஆனால் நிதி அதன்பின் தேசிய நிதிக் குழுவிடமிருந்து தேசியச் சூத்திரத்தின்படி வந்தது, ஊரின் மன்றம் வெளியே நின்றது. 2022 நவம்பரில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் அதே கல்லூரிகளைப் பொதுத் துறையாக மறுவகைப்படுத்தியபோது, தனியார் வங்கியில் கடன் வாங்கக்கூட அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் ஒப்புதல் தேவை என்றாயிற்று.

தமிழ்நாட்டில் எதை இறக்கலாம்?

எல்லாவற்றையும் ஊரிடம் கொடுத்துவிடலாம் என்று நான் வாதிடவில்லை. உள்ளூர் என்றால் உள்ளூர்ச் சாதிப் பெரும்பான்மையும் உள்ளூர்ப் பணக்காரரும் சேர்ந்ததுதான். நன்கொடை வசூலைத் தடை செய்ய 1992-இல் சட்டம் தேவைப்பட்டது. பொறியியல் சேர்க்கைக்கு 1990-களில் ஒற்றைச் சாளரமுறை வந்த பிறகுதான், யாரையும் அறியாத ஒரு கிராமத்து மாணவி தன் மதிப்பெண்ணை மட்டுமே நம்பிக் கலந்தாய்வில் இடம் கேட்க முடிந்தது. மையப்படுத்தல் ஏழைக்குத் துணை நின்ற இடங்கள் இவை. சேர்க்கை விதியும் இட ஒதுக்கீடும் பட்டச் சான்றும் மாநிலத்தின் கையிலேயே இருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

பாடத்தின் ஒரு பகுதியும் பராமரிப்புச் செலவும் வகுப்பு நேரமும் அப்படியல்ல. அரசுக் கல்லூரியில் கழிவறையைப் பழுதுபார்க்க முதல்வர் செலவிடக்கூடிய தொகையின் வரம்பை உயர்த்துவது, ஆம்பூரில் தோல் தொழிலையும் சிவகாசியில் அச்சுத் தொழிலையும் ஒட்டி இணைவுக் கல்லூரிகளும் ஒன்றிரண்டு விருப்பத் தாள்களை வகுத்துக்கொள்ள விடுவது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைப் பார்த்து வகுப்பு நேரத்தை அமைப்பது ஆகியவற்றால் மாநிலத் தரம் எதுவும் குலைந்துவிடாது. இவற்றை முடிவு செய்யும் குழுவில் பெற்றோருக்கும் நகராட்சி அல்லது ஊராட்சி உறுப்பினருக்கும் சட்டப்படி இருக்கை வேண்டும். கூட்டத்தின் நிரலை முன்கூட்டியே கல்லூரி வாயிலில் ஒட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு வாங்கும் நிலையின்றி, கல்லூரியே வெளியிட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த உறுப்பினர் விகிதம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதை அரசுக் கல்லூரிகளுக்கும் ஐ.டி.ஐ.களுக்கும் ஏற்றபடி மாற்றி எழுத மாநிலச் சட்டமன்றமே போதும்.